பெயர் ஒட்டிய கம்பிகள்

பிள்ளைகளே, உங்கள் பெரியண்ணா ஏன் இலத்திரனியல், அதுதான் எலெக்ட்ரோனிக்ஸ், படிக்கப் போகவில்லை என்று யாராவது கேட்டால், அவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள். அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு தையல் மெஷினில் இருந்தவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. பிறவியிலேயே அப்படி. சுன்னாகத்தில் எங்கள் கடையில் பச்சைப் பாவாடைக்கு நூற்கட்டை எடுத்துவரச் சொன்னால், மண்ணிறத்தைக் கொண்டுவந்து நீட்டுவான். மிளகாய்த் தோட்டத்தில் பழம் பிடுங்க விட்டால், காயும் சேர்ந்து கடகப் பெட்டிக்குள் விழும். "எங்கடை பெரியவருக்குத் தோட்டம் முழுக்கப் பழுத்திட்டுது" என்று உங்கள் அம்மா பகிடி பண்ணுவார். அவனும் சிரிப்பான். இதற்கு மருந்தில்லை என்று கண் வைத்தியர் சொன்னபோதும் அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஆனால் அவன் ஆசைப்பட்ட வேலை முழுவதும் நிறத்தில்தான் இருந்தது. பிரெட்போர்ட் என்று ஒரு வெள்ளைப் பலகை வைத்திருந்தான். அது நிறையச் சின்னச் சின்னத் துளைகள். ஈயம் வைத்து ஒட்டாமல், கம்பிகளைத் துளைகளில் குத்தியே எந்த மின்சுற்றையும் செய்து பார்க்கலாம். கடையில் விற்கும் கம்பிகளை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் பிடிக்க வேண்டும். ஒருநாள் கம்பி மாறிக் குத்தி, ஆசையாய் வாங்கிய பாகம் ஒன்றைப் புகைய விட்டுவிட்டான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

"அப்பா, எனக்கு நிறம் வேண்டாம். ஒவ்வொண்டிலையும் பேர் எழுதி ஒட்டினால் காணும்" என்றான்.

இருவருமாய்த் தொடங்கினோம். முதலில் நான் எடுத்தது பல இழை உள்ள மெல்லிய கம்பி. நுனி பிரிந்து துளைக்குள் இறங்க மாட்டேன் என்றது. நூல் பிரிந்தால் மெழுகில் இழுப்பதுதானே எங்கள் பழக்கம். முறுக்கி, மெழுகுதிரியில் தேய்த்தேன். வழுவழுவென்று இறங்கியது. ஆனால் பல்ப் எரியவில்லை. பின்னேரம் முழுக்கப் பிழை தேடியவன், கடைசியில் கம்பி நுனியை மூக்கில் வைத்து மணந்து பார்த்தான்.

"அப்பா, உதுக்கு என்ன பூசினனியள்?"

"மெழுகு. பிரியாமல் இருக்கட்டும் எண்டு."

"ஐயோ அப்பா! கரண்ட் என்ன, ஊசிக்குள்ளாலை போற நூலே? மெழுகு வைச்சால் அது போகாது!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

பிறகு பழைய தொலைபேசி வயர் ஒன்று கிடைத்தது. உள்ளே ஒற்றைச் செப்புக் கம்பிகள். துண்டு துண்டாக வெட்டி, தையல் பிரிக்கும் கத்தியால் நுனித் தோலை உரித்தேன். அவன் கடுகுபோன்ற எழுத்தில், ஒவ்வொரு கம்பியும் போய்ச் சேரும் இடத்தைக் காகிதக் கீற்றுகளில் நேர், நிலம், விளக்கு, மணி என்று எழுதினான். கம்பியைச் சுற்றி ஒட்டி, மேலே கண்ணாடி போன்ற ஒட்டு நாடா சுற்றினோம். இரண்டு நுனியிலும் ஒரே பெயர். எந்த நுனி கையில் வந்தாலும் அது எந்தக் கம்பி என்று அவனுக்குத் தெரியும்.

"பேர் வைச்சாச்சு. இனி உதுகளுக்குத் தொட்டிலும் கட்டுங்கோ" என்றார் அம்மா.

அந்தக் கம்பிகளை வைத்து, தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மணி அடிக்கும் ஒரு சாமான் செய்தான். அது ஒரு தடவையும் பிழை விடவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் இரண்டு வருடப் படிப்புக்கு நேர்முகம் வந்தபோது அதையே கொண்டுபோனான். அந்தப் படிப்பை விட்டால் எங்களுக்கு வேறு வழி தெரியாது.

நேர்முகத்தில் இருந்த அதிகாரி மணியை இரண்டு தரம் அடிக்கவிட்டுப் பார்த்தார். "நல்லாயிருக்கு தம்பி" என்றார். பிறகு நிறப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை விரித்தார்.

"இதிலை என்ன இலக்கம் தெரியுது?"

நெடுநேரம் பார்த்தான். "புள்ளியள்தான் சேர்."

"இந்தப் பக்கத்திலை?"

"இதிலையும் புள்ளியள்தான்."

அவர் புத்தகத்தை மூடினார். "தம்பி, உன்ரை கம்பியிலை பேர் ஒட்டியிருக்கிறாய். வெளியிலை வேலைக்குப் போனால் மற்ற ஆக்களின்ரை கம்பியிலை ஆர் ஒட்டுறது?"

"மீற்றர் வைச்சுப் பாத்துத்தான் தொடுவன் சேர்."

"ஓம், நீ பாத்துத்தான் தொடுவாய். ஆனால் நிறம் தெரியாத ஆளை எடுக்க எனக்கு அனுமதி இல்லை."

வாசலில் இருந்த நான் எழும்பினேன். "ஐயா, எத்தினை கம்பியெண்டாலும் நான் ஒட்டிக் குடுப்பன்."

அவர் சிரிக்கவில்லை. "குடுப்பியள் அண்ணை. எனக்குத் தெரியுது" என்றார். அவ்வளவுதான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை ஏசிவிட்டாவது வந்திருப்பேன்.

பஸ்ஸில் அவன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். "அப்பா, இனி ஒரு இடத்திலையும் போய்க் கேக்க வேண்டாம்." அவனுக்குத் தெரியாமல் வேறு இடங்களிலும் கேட்டேன். பதில் மாறவில்லை.

இப்போது சாவகச்சேரியில் ஒரு கட்டடச் சாமான் கடையில் சீமெந்து மூட்டை தூக்குகிறான். எப்படி இருக்கிறது என்றால் "பிழையில்லை" என்பான். வீட்டில் பியூஸ் போனால் எட்டியும் பார்க்க மாட்டான். பிறகு ஒரு வழி பிறந்தது என்று உங்களுக்கு எழுத எனக்கும் ஆசைதான். பிறக்கவில்லை.

வேலைக்குப் போன முதல் நாள், நேர்முகத்துக்கு நான் தைத்துக் கொடுத்த கறுப்பு நீளக்காற்சட்டையைக் கடை மேசையில் வைத்தான். "உதைத் தம்பிக்குச் சின்னனாக்கிக் குடுங்கோ அப்பா. மூட்டை தூக்கிற இடத்துக்கு உது என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனான்.

மத்தியானம் கடைக் கதவைச் சாத்திவிட்டு, காற்சட்டையை உட்புறமாகத் திருப்பினேன். படிக்கிற இரண்டு வருடத்தில் இன்னும் வளருவான் என்று இடுப்பிலும் காலிலும் கூடுதல் துணி விட்டு மடித்துத் தைத்திருந்தேன். தையலைப் பிரித்து, அந்தத் துணியை வெட்டி எடுத்தேன்.