பிரேக் அக்காவின் வண்டி

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பிரேக் அக்கா என்று பெயர். கிண்டலுக்கு வைத்ததுதான். ஆஸ்பத்திரி நடைபாதைகளில் மருந்தும் துணியும் சுமந்துகொண்டு தானாக ஓடும் வண்டியை நாங்கள் தயாரிக்கிறோம். எந்த வழியில் போவது, ஆள் எதிரே வந்தால் எப்படி ஒதுங்குவது என்று அதற்குச் சொல்லித்தரும் புரோகிராம் அக்கா எழுதியது. ஆளைக் கண்டால் வண்டி நின்றுவிடும். இடம் பார்த்து, சுற்றிக்கொண்டு போகும். மேலாளருக்கு அது பொறுக்கவில்லை. "எருமைகூட இதைவிட வேகமா போகும்மா" என்று கூட்டத்துக்குக் கூட்டம் இடித்துக்காட்டுவார்.

ஒருநாள் அவரே ஒரு புது யோசனையோடு வந்தார். ஆட்கள் அடுத்து எந்தப் பக்கம் நகர்வார்கள் என்று வண்டி முன்கூட்டியே ஊகிக்க வேண்டுமாம். அதைக் கற்றுக்கொள்ள, எங்கள் அலுவலக நடைபாதையில் எடுத்த வீடியோக்களையே அதற்குக் கொடுத்தார்கள். வண்டி பறந்தது. ஒரே கைதட்டல்.

அக்கா மட்டும் அந்த வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். சோதனை ஓட்டத்தில் வண்டி யாருக்காகவாவது நின்றால் அந்த ஓட்டம் செல்லாது. மொத்தக் குழுவும் மறுபடி முதலிலிருந்து ஓட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். அதனால் சக்கரச் சத்தம் கேட்டதுமே எங்கள் ஆட்கள் பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். இந்த லட்சணத்தைத்தான் மனித சுபாவம் என்று வண்டி படித்து வைத்திருந்தது.

"சார், ஜனங்க எப்படி நடப்பாங்கன்னு இது கத்துக்கல. நாம பயந்து ஓடுறதைக் கத்துக்கிட்டிருக்கு. ஆஸ்பத்திரியில யாரு சார் இப்படிக் குதிப்பாங்க?"

"விலகுவாங்கம்மா. வண்டி வர்றது தெரிஞ்சும் எவன் நிப்பான்?"

"எங்கம்மா நிப்பாங்க. வாக்கரைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பறதுக்கே அவங்களுக்கு நேரமாகும். உங்க வண்டியை வாங்கப்போற ஆஸ்பத்திரிக்குத்தான் மாசாமாசம் கூட்டிட்டுப் போறேன்."

"உங்கம்மாவுக்குன்னு தனியா ஒரு வண்டி செஞ்சிடுவோமா?" என்று மேலாளர் பல்லை இளித்தார். சுற்றியிருந்த ஜால்ராக்களும் சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரி நிர்வாகி வண்டியைப் பார்க்க வந்த அன்று, அக்கா வீட்டிலிருந்து வாக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வண்டி கிளம்பியதும் நடைபாதையில் இறங்கி, அம்மா நடக்கிற அதே நடையில் எதிரே போனாள். மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. வண்டி வேகத்தைக் குறைக்கவே இல்லை. இவள் எப்படியும் விலகுவாள் என்பது அதன் கணக்கு. வாக்கரில் மோதிய பிறகுதான் நின்றது. அக்கா முட்டி தெறிக்க விழுந்தாள்.

ஒழிந்தது சனியன், இனி இந்த வண்டியை எவன் வாங்குவான் என்று நினைத்துக்கொண்டே நான் ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். நிர்வாகியும் ஓடி வந்தார். குனிந்து பார்த்தார், வண்டியை.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல சார். பழக்கமில்லாதவங்க குறுக்க வந்துட்டா இப்படித்தான்" என்று மேலாளர் கூசாமல் சொன்னார்.

"அதுக்கென்ன, ஒரு போர்டு மாட்டிட்டா போச்சு" என்றார் நிர்வாகி. காபி வந்தது. அக்காவின் முட்டியில் ரத்தம் கசிந்துகொண்டிருக்க, அந்த ஜென்மங்கள் கை குலுக்கிக்கொண்டன. புரோகிராம் வேலையை அவளிடமிருந்து பிடுங்கி வேறொருவனிடம் கொடுத்தார்கள்.

அடுத்த முறை அக்கா தன் அம்மாவை அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது துணைக்கு நானும் போனேன். 'தானியங்கி வண்டி வரும் வழி. விலகி நிற்கவும்' என்று சுவர் முழுக்க எழுதியிருந்தது. சக்கரச் சத்தம் கேட்டதும் நர்சுகள் ஒதுங்கினார்கள். குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அம்மா நடுவில் மாட்டிக்கொண்டார். அக்கா வாக்கரோடு சேர்த்து அவரை இழுத்து அணைத்துக்கொண்டாள். உரசாத குறையாக வண்டி கடந்து போனது.

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. போகிற வண்டியைப் பார்த்து, "மன்னிச்சுக்கப்பா, என்னால சட்டுனு நகர முடியல" என்றார்.