ஸ்பாஸ் போட்ட கறுப்புக் கட்டம்

ஸ்பாஸ் பல்கேரிய மலையில் இருக்கும் எங்கள் எலோவோ கிராமத்துக்கு ஆண்டுதோறும் அக்டோபரில் வருவார். ஒரு சைக்கிள், ஒரு போர்வை, ஒரு பாத்திரம், ஒரு கரண்டி, இரண்டு சட்டை, ஒரு சுருள் காகிதம், திராட்சைக் குச்சியைத் தானே சுட்டு எடுத்த கரித்துண்டுகள். அறுபத்தொரு வயது மனிதரின் மொத்தச் சொத்து இவ்வளவுதான். தலையணைகூட இல்லாத ஆளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். கேட்டால் பதில் தயாராக வைத்திருப்பார். தலையணை வாங்கினால் கட்டில் வேண்டுமாம், கட்டிலுக்கு வீடு வேண்டுமாம், வீடென்றால் கூரை ஒழுகுமாம், ஒழுகும் கூரையின் கீழ் நின்றுகொண்டு எவன் படம் வரைவான் என்பார்.

நான் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது எங்கள் மலையில் மானக்கேடு. நான் மிளகாய் விழுது கொடுப்பேன், அடுத்த வீட்டுக்காரி சீமைமாதுளை ஜாம் கொடுப்பாள். ஸ்பாஸோ எதையும் தூக்கிக்கொண்டு போக மாட்டார். முதல் வருஷம் பெரிய சண்டையே வந்தது. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: கொடுத்ததை அங்கேயே உட்கார்ந்து தின்று தீர்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒருமுறை என் ஜாடியை வழித்துத் தின்றுவிட்டு, சைக்கிளில் ஏறக் காலைத் தூக்க முடியாமல் ஊர் எல்லை வரை தள்ளிக்கொண்டே போனார்.

வரைந்த படங்களையும் அவர் சுமப்பதில்லை. எந்த ஊரில் வரைந்தாரோ அந்த ஊரிலேயே மாவுப் பசை தடவி ஒட்டிவிடுவார். குழாயடிச் சுவர், பழைய மில் கதவு, எங்கு வேண்டுமானாலும் ஒட்டுவார். மழை பெய்தால் படம் போய்விடும், அவரும் போய்விடுவார். எல்லாவற்றையும் துறந்த மனிதர்தான், ஆனால் ஒன்றை மட்டும் விடவில்லை. யாராவது தன் படத்தை நின்று பார்க்க வேண்டும் என்று அவருக்கு அப்படி ஓர் ஆசை. ஒட்டிவிட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். வருகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெங்காய விலை பேசிக்கொண்டே நடந்துவிடுவார்கள். நின்றது ஓர் ஆடு மட்டும்தான், அதுவும் பசையை நக்குவதற்காக.

அந்த வருஷம் வந்தபோது அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. பிளெவென் நகரத்தில் இருக்கும் அவருடைய அக்கா சோன்கா கெடு வைத்துவிட்டாளாம். தன் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையைக் காலி செய்து, சோபாவுக்கு உறைகூடத் தைத்துவிட்டாளாம். ஸ்பாஸ் கடைசியாக ஒரு பேரம் பேசியிருக்கிறார். அக்டோபர் இருபத்தாறில் வரும் புனித திமித்தார் திருநாளுக்குள் ஒரே ஓர் ஆளாவது அவர் படத்தின் முன் நின்று பார்த்தால், அவர் இஷ்டப்படி சுற்றலாம். இல்லையென்றால் சைக்கிளை விற்றுவிட்டு பிளெவெனுக்குப் போய்விட வேண்டும். திருநாளுக்கு நான்கு நாள்தான் இருந்தது.

"அந்த சோபாவுல உக்காந்தா நான் செத்துருவேன் அக்கா," என்றார். என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்றே மலைமேல் பட்டிக்குப் போய் ஆட்டுக்காரர் மனோலுடன் தங்கினார். மனோலுக்கு எழுபத்தெட்டு வயது. மனைவி செத்துப்போன பிறகு கண்ணாடி பார்ப்பதையே விட்டவர், முகச்சவரம்கூட விரலால் தடவித்தான் செய்வார். ஸ்பாஸ் ஓர் இரவு முழுக்க அவரைப் பார்த்து வரைந்து, விடிகாலையில் படத்தோடு இறங்கி வந்து என்னிடம் காட்டினார். நான் நகரத்துக்குச் சரக்கு வாங்கக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். சுற்றிலும் ஒரு கோடு போடு, கரை இல்லாத படம் துணி இல்லாத ஆள் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டேன். இதை நான் பல நாள் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் போட்டார் கோடு. விரல் தடிமனுக்குக் கன்னங்கறேலென்று நாலு பக்கமும் போட்டு, கீழே 'மனோல்' என்று எழுதி, வரைந்த தேதியையும் எழுதி, கொண்டுபோய்ப் பேருந்து நிறுத்தச் சுவரில் ஒட்டினார். அந்தச் சுவரில் நாங்கள் என்ன ஒட்டுவோம் என்று பல்கேரியாவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். செத்தவர் முகம், சுற்றிக் கறுப்புக் கட்டம், பெயர், தேதி. நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருஷா வருஷம் ஒன்று என்று சுவரே தெரியாத அளவுக்கு ஒட்டியிருப்போம். ஸ்பாஸும் இந்த நாட்டில்தான் பிறந்தார். ஆனாலும் அவர் யோசித்ததெல்லாம் ஒன்றுதான்: ஊரில் எல்லோரும் நின்று பார்க்கும் சுவர் அது ஒன்றுதான்.

பேருந்து ஓட்டும் ராங்கெல் திரும்பி வரும்போது அதைப் பார்த்திருக்கிறார். கீழே பள்ளத்தாக்கு வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் மனோல் போய்விட்டார் என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். மறுநாள் நான் திரும்பிய பேருந்தில் பாட்டு போடவில்லை. பாதிப் பேர் கறுப்புத் துணி, கையில் பூ, மடியில் செத்தவர் பெயரில் பங்கிடும் அவித்த கோதுமை. நானும் நம்பினேன், பொய் சொல்வானேன். தேவதாருக் குன்று தாண்டும்வரை அழுதுகொண்டுதான் வந்தேன்.

நிறுத்தத்தில் ஒரே கூட்டம். தொப்பியைக் கழற்றி நிற்கிறார்கள், சிலுவை போடுகிறார்கள், மூக்கைச் சிந்துகிறார்கள். ஆண்கள் நாலு பேர் சடலத்தைக் கொண்டுவரக் கோவேறு கழுதை தேடிக்கொண்டிருந்தார்கள். எதிரே மரத்தடியில் ஸ்பாஸ் உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் பூரிப்பு. ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, கீழூர் நெதேல்யா கால் மணி நேரம் நின்னாங்க. கண்ணுல தண்ணி. முப்பது வருஷத்துல முதல் தடவை அக்கா."

நெதேல்யா பக்கத்து ஊர் விதவை. மனோலிடம் பாலாடைக்கட்டி வாங்கும்போதெல்லாம் எடை குறைகிறது என்று சண்டை போடுபவள். எனக்கு வந்ததே கோபம். செத்த வீட்டில் பல்லைக் காட்டுகிறாயே, நீயெல்லாம் மனுஷனா என்று கேட்டேன். எந்த வீடு, யார் செத்தது என்று அவர் விழித்தார். நான் சுவரைக் காட்டினேன். சுவரை ஒரு முறை பார்த்தார், கூட்டத்தை ஒரு முறை பார்த்தார். அந்த முகம் வெளுத்துப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. திருநாளுக்காக மந்தையை ஓட்டிக்கொண்டு மனோல் இறங்கி வந்துகொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவரும் வந்து நின்றார். அரைக் குருடான கிழவி ஒருத்தி யாரென்று பார்க்காமலே அவர் கையில் ஒரு கரண்டி கோதுமையை வைத்தாள். எங்கள் பழக்கம் அப்படி, முதலில் வாங்கித் தின்போம், அப்புறம்தான் விசாரிப்போம். மனோல் வாயில் போட்டுக்கொண்டு, கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று முறைப்படி சொல்லி, மென்று விழுங்கினார்.

"யாரு போனது?" என்றார்.

நெதேல்யாதான் முதலில் சுதாரித்தாள். அவள் கையில் ஆறு சாமந்திப் பூ இருந்தது, போனவருக்கு இரட்டைப்படையில்தான் கொடுக்க வேண்டும். அதிலிருந்து ஒன்றை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டு, மிச்சம் ஐந்தை அவர் கையில் திணித்தாள்.

"உயிரோட இருக்கீருல்ல, ஒத்தப்படையா வெச்சுக்கும். போன மாசக் கட்டியில கால் கிலோ கொறைஞ்சுது, அதை நான் மறக்கலை," என்றாள்.

அப்புறம் ஊரே சேர்ந்து ஸ்பாஸைப் பிடித்துக்கொண்டது. ராங்கெலுக்குப் பள்ளத்தாக்கு முழுக்கத் திரும்பிப் போய் மனோலை உயிர்ப்பிக்கும் வேலை. கோதுமை அவித்தவள் அதில் கொட்டிய சர்க்கரைக்கு யார் பொறுப்பு என்றாள். ஸ்பாஸ் போர்வையைச் சுருட்டிக் கட்டினார். கரித்துண்டுகளை என் கல்லாமேல் வைத்துவிட்டு, அடுப்புப் பற்றவைக்க உதவும் என்றார்.

"சாவைப் பாத்துதான் அழுதிருக்காங்க அக்கா. படத்தை யாருமே பாக்கலை."

அந்த நேரம் எனக்கும் அழுகை வந்தது. கோடு போடச் சொன்னவள் நான்தானே. அதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், தைரியம் வரவில்லை. ராங்கெல் ஹாரன் அடித்தார். பிளெவெனுக்கு வண்டி மாறிப் போகக் கீழே கொண்டுபோய் விடுவது அந்தப் பேருந்துதான். சைக்கிளைக் கூரைமேல் ஏற்ற ஸ்பாஸ் நிறுத்தத்துக்குப் போனார். படத்தைக் கிழித்துவிட்டுப் போகலாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

அங்கே மனோல் நின்றுகொண்டிருந்தார். சத்தம் போடப் போகிறார், காகிதத்தைப் பிய்த்து எறியப் போகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஆடுகள் என் கடை வாசலில் இருந்த முட்டைக்கோசைத் தின்ன ஆரம்பித்தன, நான் கத்தினேன், அவர் திரும்பவில்லை. ராங்கெல் மறுபடி ஹாரன் அடித்தார், அதுவும் காதில் விழவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, இரண்டு முட்டைக்கோசு முழுசாகப் போன நேரம்.

"நான் இவ்வளவு களைச்சுப் போயிருக்கேன்னு ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலையே," என்றார் கடைசியில். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மனைவி போனதிலிருந்து அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

ஸ்பாஸ் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். தப்பு நடந்துவிட்டது, இப்போதே எடுத்துவிடுகிறேன் என்று முணுமுணுத்தார். மனோல் கையை நீட்டித் தடுத்தார்.

"அது இருக்கட்டும். வேலை இல்லேன்னா உக்காரு. உயிரோட இருக்கிற மாதிரி ஒண்ணு வரை."

ஸ்பாஸ் வண்டியைப் பார்த்தார், மனோலைப் பார்த்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"அதுக்கு நீங்க கொஞ்சம் சிரிக்கணும் மனோல்."

அக்கா வைத்த கெடுவுக்குள் ஓர் ஆள் நின்று பார்த்தாயிற்று; ராங்கெல் ஸ்பாஸை ஏற்றாமலே கதவைச் சாத்திக்கொண்டு புறப்பட்டார். மனோல் நிறுத்தத்துப் பலகையில் ஐந்து பூவோடு உட்கார்ந்து, ஊரே பார்க்க, சிரித்துப் பழக ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு வர ஐந்து நாள் ஆயிற்று.