மலையில் கேட்கக் கூடாத கேள்வி

செம்பிலிருந்து அந்த அம்மாள் ஊற்றிய தண்ணீர் டம்ளருக்குள் விழவில்லை. பக்கத்தில், சாணி மெழுகிய தரையில் விழுந்தது. அவர் மூக்கின் மேல் இருந்தது அரை மணி நேரத்துக்கு முன் நான் மாட்டிவிட்ட கண்ணாடி. என் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சான் சாமைச் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். சேலத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வருஷத்துக்கு இரண்டு முறை கண்ணாடிகளை ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கொல்லிமலை ஏறுவார். யுத்தம் வருவதற்கு முந்தைய ஆண்டு, நான் திருச்சியில் காலேஜ் படிப்பை முடித்திருந்தேன். பட்டணத்து மெடிக்கல் காலேஜில் இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்திருந்தது. வருவதாக இருந்தால் பத்து நாளைக்குள் பதில் எழுத வேண்டும். சேந்தமங்கலத்தில் வெள்ளாமை செய்துகொண்டிருந்த என் அப்பா, சந்தையில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் என்னை டாக்டர் ஆக்கிவிட்டார். மச்சானுக்கோ நான் அவரோடு இருந்து கண் பார்க்கிற தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. "டாக்டர்னா பொணத்த அறுக்கோணும் மாப்ளே. உனக்குக் கோழி அறுக்கறதப் பாத்தாலே மயக்கம் வருது" என்பார். கேலிதான், ஆனால் பொய்யில்லை. காலேஜில் தவளையைக்கூடப் பக்கத்துப் பையனிடம் கொடுத்துத்தான் அறுக்கச் சொன்னேன். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்துக்கொண்டிருந்தவனை, "மலைக்கு வா, காத்துப் பட்டாப் புத்தி தெளியும்" என்று இழுத்துக்கொண்டு போனார். கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. பதில் எழுத ஒரு கார்டும் வாங்கி வைத்திருந்தேன். எழுதத்தான் இல்லை.

ஏறும்போதே மச்சான் எச்சரித்திருந்தார். மலையில் யாரிடமும் 'தெரியுதுங்களா' என்று கேட்கக் கூடாது. நடந்து ஏறி ஊடு தேடி வந்த விருந்தாளியிடம் இல்லை என்று சொல்வது அவர்களுக்கு மரியாதை இல்லை. எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் தெரியுது என்றுதான் சொல்வார்கள். "என்ன தெரியுதுன்னு கேளு. தூரத்துல மாடு எத்தனைன்னு கேளு. ஊசியக் குடுத்து நூலக் கோக்கச் சொல்லு." நான் தலையாட்டினேன். மனசு முழுக்கப் பதில் எழுத மிச்சம் இருந்த நாட்களைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அவர் சொன்னதில் பாதிகூட உள்ளே இறங்கவில்லை.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. எடப்புளி நாட்டில் மிளகுக் கொடி படர்ந்த ஒரு வீட்டு வாசலில் பெட்டியைத் திறந்தோம். கூட்டம் அதிகம் என்பதால் இரண்டு பேரை என்னிடம் தள்ளிவிட்டார். அதில் ஒருவர் அந்த வீட்டு அம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். முதல் கண்ணாடியை மாட்டி, "தெரியுதுங்களா?" என்றேன்.

"நல்லாத் தெரியுதுங்க சாமி."

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதற்குப் போய் ஐந்து வருஷம் பிணத்தோடு குடித்தனம் செய்ய வேண்டுமா என்று ஒரு நினைப்பும் ஓடியது.

அரை மணி கழித்து, சாப்பாட்டின்போது தண்ணீர் சிந்தியதும் மச்சான் கை கழுவிவிட்டு வந்து அவரை எதிரில் உட்கார வைத்தார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து விரல்களை ஆட்டியபடி, "இப்ப என்னென்ன தெரியுதுங்க?" என்று கேட்டார். "உங்க மொகந் தெரியுதுங்க. ஒரு வருசமா ரெண்டு பக்கமும் வேலி கட்டுனாப்புல இருக்குதுங்க" என்றார் அந்த அம்மாள். மச்சான் என்னைத் தனியே அழைத்து, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்றார். பட்டணத்துக்குப் போய் ஆபரேஷன் செய்தால் மிச்சம் இருக்கிற பார்வையாவது நிற்கும். கண்ணாடியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்த அம்மாளோ இறங்க மறுத்துவிட்டார். "அதான் கண்ணாடி குடுத்துட்டீங்களே சாமி. கை தவறித் தண்ணி சிந்திப் போச்சுங்க. உங்க மேல தப்பில்லீங்க." என்னைக் காப்பாற்றப் பார்த்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லார் முன்னாலும், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் இந்தத் தொழில் படிக்கவே இல்லீங்க. தப்பாப் பாத்துட்டேனுங்க" என்றேன். சொல்லும்போது அழுதும் விட்டேன். மறுநாள் விடிந்ததும் அவர் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எறங்கலாமுங்க" என்றார்.

மச்சானுக்காக ஆலத்தூர் நாட்டில் ஆட்கள் காத்திருந்தார்கள். அதனால் நான்தான் அவர்களோடு போனேன். சேந்தமங்கலம் வரை நடை, பிறகு பஸ், சேலத்திலிருந்து ரயில். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் அந்த அம்மாள் நல்லாத் தெரியுதுங்க என்றே சொன்னார். டாக்டர் சீட்டை எழுதி அனுப்பிவிடப் பார்த்தார். நான் குறுக்கே புகுந்து, என்ன தெரிகிறது என்று கேளுங்கள் என்று கெஞ்சினேன். முறைத்துவிட்டுத்தான் கேட்டார். இடது கண் போய்விட்டது, வலதைக் காப்பாற்றலாம் என்று ஆயிற்று. ஆபரேஷன் ஆகி, கட்டு அவிழ்த்த பிறகும் அவருக்குக் கணவர் முகம் தெரிந்தது. அதற்குள் நான் பதில் எழுத வேண்டிய நாள் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. அப்பா என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை.

இப்போது மச்சான் இல்லை. கடை என்னுடையது. மலைக்கும் நான்தான் போகிறேன். கண்ணாடிக்கு அடங்காத கண்ணைக் கண்டால் கையோடு கூட்டிக்கொண்டு இறங்குகிறேன். யாரோ ஒரு அம்மாளின் கண்ணுக்காக என் தம்பி டாக்டர் படிப்பையே விட்டான் என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். நானும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மறுத்ததில்லை. அந்த ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தேன். எழுதாத கார்டு என் பையிலேயே இருந்தது. எதிர்ப்புறம் தபாலாபீஸ். தினமும் இரண்டு வேளை அதன் வாசலைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போனேன்.