மண்டபத்தில் எரிந்த தலைப்பொங்கல் வரிசை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதனால் அக்காவின் மாமியாரிடம் நான் மட்டும் பயப்படாமல் பேசினேன்.

அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்கு இலங்கையில் தோட்டம். மாப்பிள்ளை முன்னாலேயே கப்பலேறிவிட, அக்கா புவனகிரியில் எங்களோடு இருந்தாள். மார்கழியில் மாமியார் சிதம்பரத்துக்கு ஆருத்ரா தரிசனம் பார்க்க வந்தார். திரும்பும்போது மருமகளை அழைத்துப் போவதாக ஏற்பாடு. தலைப்பொங்கல் வரிசையும் கூடவே வரவேண்டும், இல்லையென்றால் அவளும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வரிசை என்றால் வேரும் தோகையுமாகக் கரும்பு, மண் உதிராத மஞ்சள் கொத்து. பொங்கல் முடிந்ததும் அந்த மஞ்சளை மாமியார் வீட்டுத் தோட்டத்தில் ஊன்றுவார்கள்.

"பச்சச் செடிய அந்தத் தீவுக்குள்ள உட மாட்டாங்க அத்தை. இங்கேருந்து பூச்சி, நோயெல்லாம் வந்துடும்னு சட்டம் போட்டிருக்காங்க. காஞ்ச மஞ்சளும் வெல்லமும் எடுத்துக்கங்க," என்றேன்.

"வெல்லம் எங்கூர் கடையிலயே கெடைக்கும்டி. பொண்ணு குடுத்தவங்க கொல்லையில வெளஞ்சத கேக்கறேன். ஏன் சம்மந்தி, ஒங்க சின்னத வக்கீலுக்கா படிக்க வச்சீங்க?"

அப்பா என்னை முறைத்தார். வேரைக் கழுவியாவது கட்டலாமே என்றேன். பிறந்த வீட்டு மண்ணைக் கழுவினால் தாலிக்கு ஆகாது என்று அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

அப்பாவும் நானும் வழியனுப்பக் கடலோரத்து மண்டபம் ஊர் வரை ரயிலில் போனோம். கப்பலுக்குப் போகிறவர்களின் மூட்டைகளை அங்கே இலங்கை அரசு நடத்திய முகாமில்தான் அவிழ்த்துப் பார்ப்பார்கள். அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். சாக்கில் சுற்றியிருந்த கரும்பை உருவி ஒரு கணுவைப் பிளந்தார். உள்ளே வெள்ளைப் புழு ஒன்று நெளிந்தது.

"மருமகளோட புழுவையும் சேத்தோ கூட்டிக்கொண்டு போறியள்?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

எல்லாவற்றையும் குழியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். பச்சை மஞ்சள் சுலபத்தில் எரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினார்கள். அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"பொங்க மஞ்சள் எரியறத பாக்க வச்சிட்டீங்களே! எம்புள்ள உசுருக்கா கொள்ளி வக்கிறீங்க?" என்று மாமியார் கத்தினார்.

"அந்தப் புழு ஒங்க தோட்டத்துல எறங்குனா ஒரு கரும்பு தேறாது அத்தை. அவர் செஞ்சது சரிதான்."

"சரிதானா? அப்ப ஒங்க அக்காளையும் நீயே வச்சிக்க. புழு புடிச்ச வீட்டுல பொண்ணெடுத்தது போதும்."

அப்பா மணலில் விழுந்து கும்பிட்டார். மாமியார் அவரைச் சுற்றிக்கொண்டு போய், அக்காவின் டிரங்குப் பெட்டியை மட்டும் தனியாக இறக்கிவைக்கச் சொன்னார். அதிகாரி அடுத்த மூட்டையைக் கேட்டார்.

அவரை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். ஒரு தீவின் பயிரை ஒருத்தியின் வரிசைக்காகக் காவு கொடுக்க முடியாது. வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா துடைப்பத்தை எடுத்தாள். அக்கா தடுக்கவில்லை.

மறு வருஷம் மாப்பிள்ளைக்கு அங்கேயே வேறு பெண் கட்டினார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெண். அவர்கள் கரும்பு கடல் தாண்ட வேண்டியதில்லை. சேதி கொண்டுவந்த உறவுக்காரருக்கு அக்காதான் இலை போட்டுப் பரிமாறினாள்.

"அப்பளம் பெருசு பெருசா பொரிச்சாங்கம்மா," என்று அவர் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா மாமா?" என்று அக்கா கேட்டாள்.