பால்மில் சுருதி

தமிழினிக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர் என்று யாரையும் காட்ட முடியாது. ஸ்கூலில் பாடிப் பரிசு வாங்கினாள். பிறகு செல்போனில் கேட்டுக் கேட்டுப் பாடினாள். வீட்டில் பாட வழியில்லை. அப்பா பக்கிரி ராத்திரியெல்லாம் லாரி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குவார், வீடோ ஒரே அறை. அதனால் அவள் பாடிப் பழகியதெல்லாம் அம்மா கொளஞ்சியோடு வேலைக்குப் போன செராமிக் கொட்டகையில்தான்.

அங்கே கொளஞ்சி அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளை ஈரப் பஞ்சால் தேய்த்துச் சமப்படுத்துவாள். தமிழினி கண்ணும் பொட்டும் எழுதுவாள். பக்கத்திலேயே மண் அரைக்கிற பெரிய உருளை நாள் முழுக்கச் சுற்றும். அதைப் பால்மில் என்பார்கள்; பால் என்றால் பந்து. உள்ளே கற்கள் உருளும் இரைச்சலுக்கு அடியில் மோட்டார் ஒரே சீராக முனகிக்கொண்டிருக்கும். தமிழினி அந்த முனகலையே சுருதியாக வைத்துக்கொண்டாள். கத்திப் பாடினால்தான் மற்றவர்களுக்குக் கேட்கும். கத்திப் பாடினாள்.

"இவளுக்கு எங்க மில்லுதான் தம்புரா," என்று சூப்பர்வைசர் மாணிக்கவேல் கிண்டல் செய்வார். "கரண்டு போச்சுன்னா கச்சேரியும் போச்சு."

போன வருஷம் இசைக் கல்லூரியில் சேர்வதற்கான தேர்வுக்குத் தனியாகப் போனாள். சுருதிப்பெட்டியைப் போட்டுப் பாடச் சொன்னார்கள். இரண்டு வரி பெட்டியோடு சேர்ந்து போனாள். அடுத்த வரியில் குரல் தானாக இறங்கி, மில்லின் இடத்தில் போய் நின்றது. மறுபடி பாடச் சொன்னார்கள். மறுபடியும் அங்கேதான் போனது.

"எந்தச் சுருதியிலம்மா பாடிப் பழகினே?"

"பால்மில் சுருதிங்க."

சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு இல்லை என்று தமிழினியே என்னிடம் சொன்னாள். "நானும்தான் சிரிச்சேன்க்கா. பஸ்ஸு ஏறுனப்புறந்தான் அழுவ வந்துச்சு."

நான் அப்போதுதான் பல ஊர்களைச் சுற்றிவிட்டு, எதிலும் நிலைக்காமல், தமிழினியும் குடியிருந்த எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்திருந்தேன். எங்கள் வீட்டு மாடி அறை சும்மா கிடந்தது. இந்த வருஷத்தை விட்டால் அவளுக்கு வயசு வரம்பு தாண்டிவிடும். அதனால் வேலை முடிந்ததும் அங்கே வந்து, போனில் சுருதி ஆப்பைப் போட்டுக்கொண்டு பாடுவாள். கொட்டகையில் பாடுவதை நிறுத்திவிட்டாள். உட்காரும் இடத்தையும் உருளையை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். "இருந்தாலும் காதுக்குள்ள அது ஓடிக்கிட்டேதான் இருக்குது," என்பாள்.

மெல்ல மெல்ல அது ஓய்ந்தது. குரல் இறங்காமல் நின்றது. உச்சத்துக்குப் போகும்போது மட்டும் சில நாள் வெறும் காற்றுதான் வரும். வேலை அலுப்பு என்று நினைத்தோம். மிளகுப் பால் குடித்துவிட்டு மறுபடி பாடுவாள்.

தேர்வன்று கொளஞ்சிக்கு லீவு கிடைக்கவில்லை, கொலு பொம்மை சீசன். நான் கூடப் போனேன். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி. குரல் இறங்கவே இல்லை. அப்புறம் பாட்டு மேலே ஏறியது. சத்தம் நின்றுபோய்க் காற்று வந்தது. திரும்ப எடுத்தாள். திரும்பவும் காற்று.

தேர்வு நடத்தியவர்களில் ஓர் அம்மா அவள் தோளில் கைபோட்டு வெளியே அழைத்து வந்தார். "சுருதி சுத்தமா இருக்கு. தொண்டைதான் காயப்பட்டிருக்கு. வருஷக்கணக்கா எதையோ மீறிக் கத்திப் பாடியிருக்கா. டாக்டரைப் பாருங்க. ஆறு மாசம் பாட வேண்டாம், பேச்சையும் குறைக்கணும்."

"அப்புறம் வரலாங்களா மேடம்?" என்றாள் தமிழினி.

அவர் அவளுடைய வயதைக் கேட்டார். கேட்டதும் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

திரும்பும் பஸ் சேத்தியாத்தோப்பைத் தாண்டியது. அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சுருதி சுத்தமா இருக்குன்னு சொன்னாங்க இல்லக்கா?"

"சொன்னாங்க."

"நெசமாவே சொன்னாங்களா?"

"நெசமாதான்."

முன் சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். சத்தம் வரவில்லை.

மறுநாள் டாக்டரும் அதையேதான் சொன்னார். கொளஞ்சிக்குத் தாங்கவில்லை. "சீட்டே இல்லைன்னுட்டாங்க. இனிமே யாருக்குடி இந்தத் தொண்டையப் பத்திரமா வெக்கப் போற? வாயத் தொறந்து ரெண்டு பாட்டுப் பாடு. மனசாவது ஆறும்."

"எனக்குத்தாம்மா," என்றாள் தமிழினி. அதற்குப் பிறகு அவள் பேசுவது நின்றது.

கொட்டகையில் தலையசைப்பும் கைஜாடையும்தான். "கலெக்டரம்மா நம்மகிட்டல்லாம் பேச மாட்டாங்களா?" என்று கூட வேலை செய்யும் ராஜம்மாள் சீண்டுவாள். "சீட்டு கெடைக்காததுக்கே இந்தக் கிராக்கி. கெடைச்சிருந்தா?" மற்றவர்கள் சிரிப்பார்கள். தமிழினி பொம்மைக்குப் பொட்டு வைப்பாள். கொளஞ்சி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே பொம்மைகளைத் தேய்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து மகளைத் திட்டுவாள்.

ஒரு சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது மங்கலம்பேட்டையிலிருந்து கொளஞ்சியின் தங்கை ஆதிலட்சுமி போன் செய்தாள். மகளுக்கு வளைகாப்பாம், தமிழினி வந்து பாட வேண்டுமாம்.

"இல்லடி, அவ பாட மாட்டா," என்றாள் கொளஞ்சி. "ஆமா, கெடைக்கல... கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. சீக்கும் இல்ல." போனை மறு காதுக்கு மாற்றினாள். "தொண்டையக் காப்பாத்துறாடி. பாட்டுக்காரிங்கன்னா அப்பிடித்தான் இருப்பாங்க."

தமிழினி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். கொளஞ்சி அவள் பக்கம் திரும்பவில்லை. அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. இருவரும் எழுந்திருக்காததால் நான் போய் அணைத்தேன்.