கண்ணையனின் பதினோரு ரேஸ்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே பதினோரு வருஷம் தனியார் பஸ் ஓட்டிய கண்ணையன், ஒரு நாளும் ஒரு வண்டியையும் ஆசை தீர முந்தியதில்லை. நம்பினால் நம்புங்கள். முந்தினால் நேரத்துக்கு முன்னால் போய்ச் சேருவான். சேர்ந்தால் அடுத்த பஸ்காரன் சண்டைக்கு வருவான், முதலாளி மெமோ கொடுப்பார். விக்கிரவாண்டி தாண்டினால் ரோடு காலியாகக் கிடக்கும். அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதுதான் மிச்சம்.

பிறகு ஒரு நாள் ஜாக்கி நழுவி வலது முழங்கால் நொறுங்கியது. மாவுக்கட்டுப் போட்டுப் பிரித்தும் கால் மடங்கவில்லை. மடங்காத காலை வைத்துக்கொண்டு பிரேக்கை எங்கே மிதிப்பது? கம்பெனி அவனைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார வைத்தது. வீடு விழுப்புரத்தில். தான் ஓட்டிய அதே நீல பஸ்ஸில் தினமும் பயணியாக ஏறி இறங்கினான். என்ன கொடுமை, சொல்லுங்கள்!

அந்த பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன பெட்டி ஒன்று ஆபீஸில் ஆறு மாதம் கேட்பாரற்றுக் கிடந்தது. உள்ளே கார் ரேஸ் விளையாட்டு. மடிக்கிற அட்டைப் பலகை, அதில் வளைந்து வளைந்து போகும் ரோடு, ரோடு முழுக்கக் கட்டங்கள், விரல் நீளத்தில் ஆறு கார்கள், இங்கிலீஷில் ஒரு தாள். பகடையை மட்டும் காணோம். "எடுத்துக்கினு போய்யா" என்றார் மேனேஜர். கண்ணையன் நீலக் காரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அந்த நிமிஷமே அது அவன் கார் ஆகிவிட்டது.

பிள்ளை குட்டி இல்லாத வீடு, கூட ஆட ஆள் ஏது? ஆறு காருக்கும் அவனே டிரைவர். பகடைக்குப் பதில் பித்தளைத் தாயக்கட்டை வாங்கினான். தாயக்கட்டை என்றால் தாயத்தின் விதிதானே, இதில் என்ன யோசனை! தாயம் விழுந்தால்தான் கார் கிளம்பும். பின்னால் வரும் கார் சரியாக முன் காரின் கட்டத்தில் வந்து நின்றால் வெட்டு. வெட்டுப்பட்ட கார் முதலிலிருந்து வர வேண்டும், வெட்டிய காருக்கு இன்னோர் ஆட்டம். உலகத்தில் எந்தக் கார் ரேஸிலாவது இப்படி உண்டா? கண்ணையனுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை.

பெண்டாட்டி பாஞ்சாலிக்குத்தான் வயிறு எரிந்தது. வருஷா வருஷம் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் சூதாட்டத்தைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவள் அவள்.

"எம் பேரு இன்னான்னு தெரியுமில்ல? இந்தப் பேரை வெச்சிக்கினு இருக்கறவ வூட்ல கட்டை உருட்டறியே, நல்லாகீதாய்யா?"

"காசு கட்டியா ஆடறேன்? சும்மா ரேஸுடி."

"கட்டைய எடுத்தவன் எவன் யோக்கியமா உருட்டினான்? தனியா உருட்டறவன் தன் காரைத்தான் ஜெயிக்க வெப்பான்."

கண்ணையனுக்குச் சுருக்கென்று தைத்தது. பதினோரு வருஷம் ஒரு நிமிஷம் முன்பின் போகாத மனுஷனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

"இந்தா, சொல்றேன் கேட்டுக்க. போகி வரைக்கும் ஞாயித்துக்கெழமைக்கு ஒரு ரேஸு. ஒரு கட்டை கூட திருப்பிப் போட மாட்டேன். அதுக்குள்ள நீலம் ஒரு தபா ஜெயிக்கலன்னா, பலகைய நானே போகியில போட்டுக் கொளுத்திடறேன்."

எண்பத்தாறாம் வருஷம் தீபாவளிக்கு மறுநாள் பேசிய பேச்சு அது. போகிக்குள் பதினோரு ஞாயிறு இருந்தது.

நீலம் ஜெயிக்கவில்லை. சிவப்பு ஜெயித்தது, மஞ்சள் ஜெயித்தது, ஒன்றுக்கும் உதவாத வெள்ளை கூட இரண்டு தடவை ஜெயித்தது. ஒரு ஞாயிறு நீலத்துக்குக் கடைசி வரை தாயமே விழாமல் அது கிளம்பிய இடத்திலேயே நின்றது. கோபத்தில் கட்டையைச் சுவரில் அடித்தான். பிறகு காலை இழுத்துக்கொண்டு போய், அங்கே என்ன எண் விழுந்து கிடந்ததோ அதற்கே மஞ்சள் காரை நகர்த்தினான். பத்து ரேஸ் போயிற்று.

கடைசி ஞாயிற்றுக்கு முந்தின நாள், புக்கிங் கிளார்க் வேங்கடேசன் டைம் ஆபீஸுக்கு டீ குடிக்க வந்தான். இங்கிலீஷ் தெரிந்தவன். கண்ணையன் தன் சபதத்தைச் சொல்லி, ரேஸ் பெட்டியில் இருந்த அந்தத் தாளை நீட்டினான். படித்துவிட்டு வேங்கடேசன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணே, இதுல வெட்டே கெடையாதுண்ணே! ஒரே கட்டத்துல ரெண்டு காரும் நிக்கலாம். தாயமும் வேணாம், எடுத்த ஒடனே கெளம்பலாம். நாளைக்கு இப்படி ஆடுங்க, ஜெயிச்சிடலாம்."

கண்ணையனுக்கு முகம் செத்துப்போயிற்று. பத்து ரேஸும் தப்பா? தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"வேணாம்பா" என்றான். "பாதி வழியில ரூட்டை மாத்தக் கூடாது. போகி முடியட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாஞ்சாலி அடுப்பங்கரையில் மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணையன் பலகையை விரித்தான். அன்றைக்கு நீலத்துக்கு முதல் கட்டையிலேயே தாயம்! அப்புறம் பன்னிரண்டு, ஆறு, மறுபடி பன்னிரண்டு. முடிவுக்கோட்டுக்கு இன்னும் மூன்றே கட்டம். நாலு கட்டம் பின்னால் சிவப்பு. சிவப்புக்கு உருட்டினான்.

நாலு.

சிவப்புக் காரைத் தூக்கியவன் கீழே வைக்கவில்லை. வேங்கடேசன் படித்த தாள் பெட்டியில்தான் இருந்தது. அதன்படி நீலம் நின்ற இடத்திலேயே நிற்கலாம். அறையில் ஓர் ஈ காக்கை இல்லை. கண்ணையனுக்கு அழுகையே வந்துவிட்டது. "அடப் பாவி" என்றான், யாரைச் சொன்னானோ. பிறகு நீலத்தை எடுத்து ஆரம்பக் கோட்டில் கொண்டுபோய் வைத்தான். வெட்டின ஆட்டத்தைச் சிவப்புக்கு உருட்டினான். மூன்று விழுந்தது. சிவப்பு ஜெயித்துவிட்டது.

போகியன்று விடிகாலை, தெருவில் பழம்பாய் எரிந்துகொண்டிருந்தது. கண்ணையன் பலகையைக் கொண்டுவந்தான். பாஞ்சாலி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம்யா. உள்ள எடுத்துக்கினு போ."

"உடுடி. பேச்சு பேச்சுதான்."

"அந்தப் புள்ளையாண்டான் சொன்னத நேத்து நீதான எங்கிட்ட சொன்ன? வெட்டே இல்லியாமே. அன்னிக்கு வெட்டாம வுட்டிருந்தா இன்னா? ஒருத்தரும் பாக்கலியே!"

கண்ணையன் அவள் கையிலிருந்து பலகையை மெல்ல உருவினான்.

"நான் பாத்துக்கினு இருந்தனேடி" என்று சொல்லிவிட்டு, அதை நெருப்பில் போட்டான்.