ஊற்றியவர் கீழே வரக் கூடாது

அந்த பிளம்பருக்குத் தொழில் வட்டாரத்தில் சந்தேகம் என்றுதான் பெயர். பால் பொங்கி இறக்கிய கையோடு முகர்ந்து பார்ப்பார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். முப்பது வருடத்துக்கு முன்னால், கசிவு அங்கேதான் என்று வீட்டுக்காரர் அடித்துச் சொன்னதை நம்பி ஒரு குளியலறைத் தரையை உடைத்தார். கீழே உலர்ந்த மண்தான் இருந்தது. உடைத்த தரையைத் தன் செலவில் போட்டுக்கொடுத்த பிறகு, யார் என்ன சொன்னாலும் "அப்படியா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அந்த மூன்று மாடிக் கட்டடத்துக்கு அவரைக் கூப்பிட்டபோது உரிமையாளரும் அடித்துத்தான் சொன்னார்.

"முதல் மாடியில ஒரு தையல்காரம்மா இருக்காங்க. சாக்கடை நாத்தம் அங்கருந்துதான். மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லிட்டேன். நீங்க பார்த்துட்டு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்."

"அப்படியா" என்றார் பிளம்பர். பார்ப்பதற்கு முன்பே என்ன எழுத வேண்டும் என்று தெரிந்திருக்கிற மனிதர். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

தையல்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரே அறை. அதிலேயே படுக்கை, அடுப்பு, வெட்டு மேசை எல்லாம். தைத்து முடித்த துணிகளைப் பாலிதீன் பைக்குள் போட்டு வாயை இறுக்கிக் கட்டியிருந்தார். நாற்றம் ஏறிவிடுகிறதாம், இரண்டு வாடிக்கைக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

"எந்த நேரத்துல ஜாஸ்தி?"

"மத்தியானம். எழுதறதுக்கு முன்னாடி இதையும் கேட்டீங்களே, சந்தோஷம்" என்றார் அவர். அவரும் யாரையும் நம்பும் நிலையில் இல்லை.

இப்படிப்பட்ட இடத்துக்கு பிளம்பரிடம் ஒரு பழைய வழி உண்டு. கழிவுநீர்க் குழாய்களிலிருந்து கிளம்பி மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாயில் பெப்பர்மின்ட் எண்ணெயை விட்டு, மேலே கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிட வேண்டும். ஆவி குழாய் முழுக்க இறங்கும். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே மிட்டாய் வாசனை வரும். ஒரே நிபந்தனை, ஊற்றியவர் கீழே வரக் கூடாது. அந்த எண்ணெய் கையில், சட்டையில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அவர் போகிற இடமெல்லாம் ஓட்டை இருப்பதாகத் தோன்றும்.

ஊற்றுவது மைத்துனனின் வேலை. மனைவியின் தம்பி, நாற்பது வயது. அவனைப் பாட்டிலும் ஃபிளாஸ்க்குமாக மேலே அனுப்பிவிட்டு, "நான் போன் பண்ற வரைக்கும் ஊத்தாதே மாப்ள" என்றார். ஊற்றுவதற்கு முன் எல்லா அறைகளையும் ஒரு முறை முகர்ந்துவிடுவது அவர் வழக்கம். கீழ்த்தளத்தை முடித்துவிட்டு முதல் மாடிக்கு வந்தார். தையல்காரம்மாவின் அறைக்குள் கால் வைத்ததும் பெப்பர்மின்ட் குப்பென்று அடித்தது.

பின்னாலேயே வந்த உரிமையாளரும் மூக்கை உறிஞ்சினார். "நான் என்ன சொன்னேன்?"

தையல்காரம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பிளம்பர் போனை எடுத்தார். "ஊத்திட்டியா?"

"இன்னும் இல்ல மாமா. ஃபிளாஸ்க்குல தண்ணி ஆறிப்போச்சு. இப்பதான் சூடா வாங்கிட்டு வந்தேன்."

"எங்கே வாங்கினே?"

"தையல்காரம்மாகிட்ட. நல்ல மனுஷி, டீ கூட போடட்டுமான்னு கேட்டாங்க."

"அதுக்கு முன்னாடி பாட்டிலைத் திறந்தியா?"

"மூடி டைட்டா இருந்துச்சு மாமா. கொஞ்சம் கையில கொட்டிருச்சு."

பிளம்பர் உரிமையாளர் பக்கம் திரும்பினார். "இது குழாய் வாசனை இல்ல. என் ஆளோட கை வாசனை. இன்னைக்கு ஒண்ணும் செய்ய முடியாது. நாலு நாள் கழிச்சு வரேன்."

"மூணு பேர் முகர்ந்தாச்சு. இதுக்கு மேல என்னய்யா? அந்தம்மா உனக்கு என்ன உறவு?"

"உங்களுக்கு நான் என்ன உறவோ அதேதான்."

திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி மைத்துனனைப் பார்த்தார். "உண்மையைச் சொல்லு. அந்த ஓனர் உன்கிட்ட தனியா ஏதாவது பேசினாரா?"

"அக்கா சொன்னது சரிதான்."

"என்ன சொன்னா?"

"நீங்க கண்ணாடியில மூஞ்சியப் பார்த்தாலே, யாருடா இவன்னு கேப்பீங்களாம்."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த முறை தானே ஊற்றுவதென்று முடிவு செய்தார். அப்படியானால் கீழே முகர வேண்டியவன் மைத்துனன் என்பது மறுநாள்தான் உறைத்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் எண்ணெயை விட்டு, தண்ணீரை ஊற்றி, துணியை அடைத்துவிட்டு, மொட்டை மாடித் தரையில் உட்கார்ந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு முன்னால் வைத்துக்கொண்டார். கீழே என்ன நடந்தாலும் இறங்க முடியாது. முப்பது வருடத்தில் ஒரு வேலையைக் காதால் மட்டும் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"மாமா, கீழ்த்தளத்துல இல்ல."

"சரியா பாரு."

"மூக்கைத் தரையில தேச்சாச்சு மாமா. இப்ப தையல்காரம்மா ரூம். தொட்டியில இல்ல. குளியலறையில இல்ல. பலகை அடிச்சு மூடின பழைய கதவு ஒண்ணு இருக்கு. அந்த இடுக்குல மட்டும் வருது."

"அந்தப் பக்கம் என்ன?"

"ஓனரோட ஸ்டோர் ரூம். சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொல்றாரு."

"கிடைக்கிற வரைக்கும் நான் மாடியிலயே இருக்கேன்னு சொல்லு."

வெயில் காதோரத்தைச் சுட்டது. கால் மணி நேரத்தில் சாவி கிடைத்தது. அலமாரியை நகர்த்தும் சத்தம் போனில் வந்தது.

"மாமா, இங்கதான். எப்பவோ வாஷ்பேசினைக் கழட்டிட்டு, குழாய் வாயை அடைக்காம அலமாரியை வச்சு மறைச்சிருக்காங்க."

அவருக்கு மனம் ஒப்பவில்லை. அன்று செய்த தப்புக்கு ஈடுகட்ட இவன் கதை விடுகிறானா? "அந்தம்மாவைக் கேளு" என்றார்.

"இருக்குங்க" என்றது தையல்காரம்மாவின் குரல்.

அவர் அப்படித்தான் சொல்லியாக வேண்டும். பிளம்பர் போனை வாயருகே கொண்டுபோனார். "ஓனரைக் குனிஞ்சு முகரச் சொல்லு."

ஒருவர் முனகிக்கொண்டே குனிவதும் மூக்கை உறிஞ்சுவதும் போனில் கேட்டது.

"இருக்கு" என்றார் உரிமையாளர்.

"எங்கே இருக்கு?"

"என் ரூம்லதான்யா. குழாய்க்குள்ள."

பிளம்பர் முதல் முறையாகச் சுவரில் சாய்ந்தார். ஒரு முழு மூச்சு விட்டார்.

கீழே தையல்காரம்மா கேட்பது தெரிந்தது. "அப்ப நான் காலி பண்ணக் கட்டி வச்ச மூட்டையெல்லாம் பிரிக்கலாமா?"

"சொல்லுங்க ஓனர்" என்றார் பிளம்பர். "நான் கேட்டுட்டுதான் இருக்கேன்."

"பிரிங்க" என்றார் உரிமையாளர்.